ஆஸ்திரேலியத் துப்பாக்கிச் சட்டமும் அதன் இடைவெளிகளும்

மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக ஆஸ்திரேலியா கருதப்படுகிறது. ஆயினும், சட்டத்தின் வகைப்பாடுகளுக்குள் எளிதில் அடங்காத துப்பாக்கிகள் சந்தைக்கு வரும்போதெல்லாம், அவற்றை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற சர்ச்சை அங்கு எழுந்துவந்துள்ளது.

1996 ஏப்ரல் 28ஆம் தேதி டாஸ்மேனியா மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிதாரி ஒருவர் 35 பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த 12 நாட்களில், அப்போதைய பிரதமர் ஜான் ஹவார்டின் அரசும் மாநில அரசுகளும் தேசிய துப்பாக்கி உடன்படிக்கை ஒன்றை எட்டின. அதன் பின்னர் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது.

இயங்குமுறையே அளவுகோல்

அந்த உடன்படிக்கை துப்பாக்கிகளை ஏ, பி, சி, டி, எச் என ஐந்து பிரிவுகளாக வகுத்தது. அடுத்த தோட்டா எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பதே முக்கிய அளவுகோல். தானாகவே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளும், 'பம்ப் ஆக்ஷன்' ஷாட்கன்களும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆனால், நெம்புகோலை அசைத்துத் தோட்டாவை ஏற்றும் 'லீவர் ஆக்ஷன்' ஷாட்கன், 19ஆம் நூற்றாண்டுத் தொழில்நுட்பம். கட்டுப்பாடு மிகக் குறைந்த ஏ பிரிவில் அது இடம்பெற்றது.

துருக்கியில் தயாரிக்கப்பட்ட 'ஆட்லர் ஏ110' என்ற ஏழு தோட்டா ஷாட்கன் வரவிருந்தபோது இதில் சிக்கல் ஏற்பட்டது. துப்பாக்கி உரிமச் சட்டங்களை இயற்றுவது மாநிலங்களின் பொறுப்பு. இறக்குமதிதான் மத்திய அரசின் கையில் உள்ளது. எனவே, ஐந்துக்கும் அதிகமான தோட்டாக்கள் கொள்ளும் இத்தகைய ஷாட்கன்களின் இறக்குமதியை மத்திய அரசு 2015இல் தற்காலிகமாகத் தடை செய்தது. ஐந்து தோட்டா வடிவம் தொடர்ந்து விற்பனையானது.

நூறாண்டுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பத்தைப் புதிய ஆபத்தாகச் சித்தரிப்பது நியாயமல்ல என்று துப்பாக்கி உரிமையாளர்கள் தரப்பு வாதிட்டது. தொழில்நுட்பத்தின் வயதல்ல, எவ்வளவு விரைவாக எத்தனை முறை சுடலாம் என்பதே முக்கியம் என்றது மறுதரப்பு. 2016 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது: ஐந்து தோட்டாக்கள் வரை பி பிரிவு, அதற்கு மேல் டி பிரிவு.

போண்டி தாக்குதல்

ஆனால் அதே கேள்வி வேறு வடிவமைப்புகளால் மீண்டும் எழுந்தது. சில துப்பாக்கிகளில் பின்பகுதியைத் திருப்பாமல் நேராக இழுத்துத் தள்ளினாலே அடுத்த தோட்டா ஏறிவிடும். வேறு சிலவற்றில், சுட்டபின் தானாகப் பின்னகரும் பகுதி, சுடுபவர் ஒரு பொத்தானையோ சிறு நெம்புகோலையோ அழுத்திய பிறகே முன்னால் வரும். மனித விரலின் அந்த ஒரு செயல் தேவைப்படுவதால், சட்டத்தின் பார்வையில் இவை தானாக ஏற்றிக்கொள்பவை அல்ல.

2025 டிசம்பர் 14ஆம் தேதி சிட்னியின் போண்டி கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை நிகழ்ச்சியில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்குதல் நடத்திய இருவருள் ஒருவர் உரிமம் பெற்றவர். அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் பதிவாகியிருந்தன.

அதே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பொத்தான் அல்லது நெம்புகோலால் விடுவிக்கப்படும் துப்பாக்கிகளை, முக்கியமாக விவசாயிகளுக்கே அனுமதிக்கப்படும் சி பிரிவுக்கு மாற்றவும், ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளைப் பொதுவாக நான்காக வரையறுக்கவும் அது வழிசெய்தது. விவசாயிகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இந்த வரம்பு பத்து.

ஒரு மாநிலத்தின் திருத்தம் இன்னொரு மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. சிட்னியில் மூடப்படும் இடைவெளி மெல்பர்னிலும் மூடப்பட வேண்டுமானால், விக்டோரியா நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்ற வேண்டும். இயங்குமுறையின் பெயரைக் கொண்டு வகைப்படுத்தும் முறை நீடிக்கும்வரை, அந்தப் பெயர்களுக்குள் அடங்காத அடுத்த வடிவமைப்பு வரும்போது இதே விவாதம் மீண்டும் எழ வாய்ப்புண்டு.