கன்சோலில் நட்டம், கன்ட்ரோலரில் லாபம்

புதிய கன்சோல் வாங்குவதற்காகப் பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேமிக்கும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. விலை அதிகம் என்று அலுத்துக்கொள்ளாதவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வணிகம் பயிலும் மாணவி என்பதால், அதன் தயாரிப்புச் செலவு எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். கிடைத்த கணக்கு வியப்பளித்தது.

2006ல் சோனி அறிமுகப்படுத்திய பிளேஸ்டேஷன் 3 கன்சோலின் 60 கிகாபைட் ரகம், அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்கப்பட்டது. அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 840 டாலர் என மதிப்பிட்டது. அப்படியென்றால், ஒன்று விற்றால் 240 டாலர் நட்டம்!

2013ல் வந்த பிளேஸ்டேஷன் 4 கன்சோலின் விலை 399 டாலர். ஐஎச்எஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டில் அதன் தயாரிப்புச் செலவு 381 டாலர். அதில் கன்ட்ரோலருக்கு ஆனது 18 டாலர் மட்டுமே. அதே கன்ட்ரோலரைத் தனியாக வாங்கினால் ஏறக்குறைய 60 டாலர். வடிவமைப்பு, கப்பல் கட்டணம், கடைக்காரரின் பங்கு ஆகியவற்றைக் கழித்தாலும் லாபம் மிஞ்சும்.

நட்டத்துக்கு ஏன் விற்கிறார்கள்? கன்சோல் வீட்டுக்குள் வந்துவிட்டால் விளையாட்டுகள், சந்தா, கூடுதல் கன்ட்ரோலர் என்று நாம் பல ஆண்டுகளுக்குச் செலவழிப்போம். மற்ற நிறுவனங்கள் உருவாக்கும் விளையாட்டுகளின் விற்பனையிலும் கன்சோல் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இணையக் கடையில் அது பொதுவாக 30 விழுக்காடு.

இதனால்தான் மலிவான ரகத்தைக் கண்டதும் அவசரப்படக் கூடாது. 2020ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, வட்டு இயக்கி இல்லாத ரகம் 100 டாலர் குறைவு. ஆனால், அதில் பழைய வட்டுகளை வாங்கிப் போட முடியாது. நண்பரிடம் இரவல் கேட்கவும் முடியாது. விளையாடி முடித்ததை விற்கவும் முடியாது. விளையாட்டுகளை நிறுவனத்தின் இணையக் கடை வழியாகவே வாங்க வேண்டும். நான்கைந்து விளையாட்டுகளிலேயே அந்த 100 டாலர் கரைந்துவிடலாம்.

வாங்கும் முன் ஒரு தாளில் மூன்றாண்டுச் செலவை எழுதிப் பாருங்கள்: கன்சோல், இரண்டாவது கன்ட்ரோலர், மாதச் சந்தா, ஆண்டுக்கு எத்தனை விளையாட்டுகள். கடையில் ஒட்டியிருக்கும் விலை அந்தப் பட்டியலின் முதல் வரி மட்டுமே.

நானும் என் தம்பியும் அப்படித்தான் கணக்குப் போட்டோம். வட்டு இயக்கி உள்ள ரகத்துக்கே சேமிக்கிறோம்.