சாவா மூவா அறம்

அறஞ் செய்வார் பலர். தாம் செய்த அறம் தமக்குப் பின்னரும் நிலைத்து நிற்க வழிவகுப்பார் சிலர். பசித்த நாய்க்கு ஒரு பிடி சோறிடுதல் இரக்கம். அந்நாய்க்கும் அதன்பின் வரும் நாய்களுக்கும் என்றும் சோறு கிடைக்குமாறு ஓர் உடைமையை ஒதுக்கி வைத்தல் அறக்கட்டளை. முன்னது ஈவோன் கையோடு முடிவது. பின்னது அக்கை ஓய்ந்த பின்னும் தொடர்வது. வாயில்லா உயிர்களைப் பேணும் காப்பகங்களுக்குப் பின்னதே பெரிதும் வேண்டப்படுவதாகும். காப்பகத்தின் செலவு ஒரு நாளேனும் ஓய்வதன்று. நன்கொடையோ மழையைப்போல ஒருகாற் பெய்து ஒருகாற் பொய்ப்பது.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்குணர்ந்திருந்தனர். கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்குச் சோழர் காலத்தோர் ஆடுகளைத் தானமாக விட்ட செய்தி கல்வெட்டுகளிற் பரக்கக் காணப்படுகின்றது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பெற்றன. அவற்றை ஏற்ற இடையர் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கின்றன. சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உளவோ? இல்லை. கிழ ஆடு கழியுமிடத்து அதன் குட்டி அவ்விடத்தை நிரப்ப வேண்டும் என்பதே அத்தொடரின் கருத்து. முதல் குறையலாகாது; பயனை மாத்திரமே செலவிடல் வேண்டும். இக்காலத்தார் வைப்பு நிதி என வழங்கும் முறையின் உயிர்நாடி இதுவேயாம்.

இதே கருத்து இஸ்லாமிய மரபில் ‘வக்பு’ என்னும் பெயரால் விளங்குகின்றது. கைபர் என்னுமிடத்தில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என் செய்வதென உமர் அவர்கள் நபிகள் நாயகத்தை வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைவைத் தருமஞ் செய்யுமாறு அறிவுரை கிடைத்தது. அந்நிலம் விற்கப்படாது, கொடையாக வழங்கப்படாது, மரபுரிமையாக எவரையுஞ் சேராது எனும் நிபந்தனையுடன் அறத்துக்கு விடப்பட்டது. மாந்தன் இறந்த பின்னும் பயன் அறாதவற்றுள் நிலையான தருமமும் ஒன்றெனக் கூறும் நபிமொழி, இம்முறை முஸ்லிம்களிடையே பரவப் பெருந்தூண்டுகோலாயிற்று.

இவ்வறம் விலங்குகளையும் தழுவியதா என்பது அடுத்த வினா. திமிஷ்கு நகரில் உழைத்து ஓய்ந்த கிழக்குதிரைகள் இறக்குமட்டும் மேய்வதற்கெனப் பசும்புல்வெளி ஒன்று வக்பாக விடப்பட்டிருந்ததையும், பூனைகளுக்கென வக்பு இருந்ததையும் சிரிய நாட்டறிஞர் முஸ்தபா அஸ்-ஸிபாயீ எடுத்துரைத்துள்ளார். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் தழுவும் ஷாபியீ நெறியைச் சார்ந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (மறைவு 1262) விலங்குகளுக்கு மாந்தர்பால் உள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். மூப்பாலோ நோயாலோ பயன்படாதொழிந்த விலங்குக்கும் உணவளித்தல், தாங்கவியலாச் சுமை ஏற்றாமை, அதன் கண்முன்னே அதன் குட்டியை அறுக்காமை என்பன அவற்றுட் சில. பயன்படாத உயிருக்கும் உரிமை உண்டு என்னும் இக்கொள்கையே விலங்குக் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாகும்.

இவ்வுண்மைகள் இலங்கையின் கீழைக்கரைக்கு மிகவும் பொருந்துவனவாம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் கடலோரமாகத் தொடர்கின்றன. காரைதீவு முதலிய தமிழூர்கள் அவற்றோடு இடைமிடைந்து கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வயலிற் பயிர் நிற்குங் காலத்து மாடுகளுக்கு மேய்ச்சற்றரை சுருங்குகின்றது. கட்டாக்காலி மாடுகள் இரவில் நெடுஞ்சாலையிற் படுத்துறங்குவதும், அவற்றால் மாடும் மாந்தரும் ஒருங்கே ஊறுபடுவதும் அப்பகுதியார் அறிந்தவையே. நாய்களின் நிலையும் அன்னதே. 2006 ஆம் ஆண்டில் அரசு தெருநாய்களைக் கொல்லாமைக் கொள்கையை மேற்கொண்டது. கொல்லாதொழிதல் நன்று, ஆயின் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் புகலிடமும் உடன்வாராவிடின் கொல்லாமை பாதி அறமாகவே நின்றுவிடும்.

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் கூடும். நாயின் எச்சிலைத் துடக்கெனக் கருதும் நெறியினர் நாய்க்காப்பகத்துக்கு உடைமை விடுவரோ என்பது அது. துடக்கு என்பது கழுவி நீக்கும் முறை பற்றியது, இரக்கத்தை விலக்குவதன்று. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலணியில் நீர் முகந்து ஊட்டியவன் மன்னிப்புப் பெற்றதையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் மாளச் செய்தவள் தண்டனைக்கு ஆளானதையும் நபிமொழிகள் ஒருசேரக் கூறுகின்றன.

இனி, உடைமை விடும் முறையை நோக்குதல் தகும். நல்லெண்ணம் மாத்திரம் போதாது. சொற்பிழையால் அறம் சிதைதலும் உண்டு. ஷாபியீ நூலார், ஒரு விலங்கின் பெயருக்கே நேராக விடும் வக்பு செல்லாது என்பர். விலங்கு உடைமை கொள்ளும் தகுதி உடையதன்று. இதே காரணத்தால் இலங்கைச் சட்டத்திலும் ‘என் பூனைகளுக்கு என் வீடு’ என எழுதுதல் பயன்படாது. விலங்குகளைப் பேணும் பொருட்டு இன்ன பொறுப்பாளரிடம் இன்ன உடைமை ஒப்படைக்கப்படுகின்றது என எழுதுதலே முறை.

நோக்கத்தையும் தெளிவுறக் கூறல் வேண்டும். 1915 இல் இங்கிலாந்து நீதிமன்றம் வெட்ஜ்வுட் என்பாரின் வழக்கில், விலங்குகளைக் கொடுமையினின்று காத்தல் மாந்தர் உள்ளத்தை உயர்த்துவதாதலின் அது பொது அறமே எனத் தீர்த்தது. ஆயின் 1929 இல் குரோவ்-கிரேடி வழக்கில், எல்லா விலங்குகளையும் மனிதத் தலையீடின்றி வாழவிடும் புகலிடத்துக்கு எழுதிய சொத்து, மக்களுக்குப் பயன் விளைக்காமையின் பொது அறமாகாது எனத் தள்ளப்பட்டது. இலங்கையின் 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் மாந்தர்க்கு நலம் பயக்கும் நோக்கங்களையே பொது அறமாகக் கொள்கின்றது. ஆதலின் விசர்நோயைத் தடுத்தல், சாலை விபத்தைக் குறைத்தல், சிறார்க்கு இரக்கத்தைப் பயிற்றல் என்னும் பயன்களையும் ஆவணத்திற் குறித்தல் அறிவுடைமையாம்.

இறுதி விருப்பாவணத்தின் வடிவத்தை 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. எழுதியவர் நொத்தாரிசு முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் ஒப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு இல்லையேல் சாட்சிகள் ஐவர் ஒருங்கே இருத்தல் வேண்டும். முஸ்லிமாயின் ஷரீஅத்தின் எல்லை ஒன்றுண்டு: கடன் நீங்கிய உடைமையில் மூன்றிலொரு பங்கினுக்கு மேல் வாரிசுகளின் இசைவின்றி எழுதலாகாது. ஆறு ஏக்கர் வயலுடையார் இரண்டு ஏக்கரை எழுதலாம். எஞ்சியவை பிள்ளைகளின் உரிமை. அவர்தம் வயிற்றில் அடித்துச் செய்வது அறமன்று. உடல்நலத்தோடு வாழுங்காலத்தே விடும் வக்புக்கோ இவ்வெல்லை இல்லை.

கீழைக்கரைக்குச் சிறப்பான மற்றொன்றும் கருதற்பாலது. ஆண்டுத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறை உடையோர்; வீடு மகளின் திருமணத்தின்போதே சீதனமாகப் போய்விடும். முதுமையிற் பெற்றோர் கையில் எஞ்சுவது பெரும்பாலும் வயலும் தென்னந்தோட்டமுமே. ஆதலின் காப்பகத்துக்கு ஏற்ற கொடை, வயலை விற்ற பணமன்று. வயலின் பெரும்போக, சிறுபோகக் குத்தகையாகும். வெள்ளமும் வறட்சியும் வருவன; ஆகவே விளைந்த ஆண்டின் ஒரு பகுதியை விளையா ஆண்டுக்கு வைத்துக்கொள்ளும் விதியும் ஆவணத்தில் இடம்பெறல் வேண்டும்.

பொறுப்பாளரைக் கண்காணிப்பார் யார்? முஸ்லிம் அறக்கட்டளையாயின் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டத்தின்வழிப் பதிவுசெய்து வக்பு சபையின் மேற்பார்வையில் நடத்தலாம். தமிழரும் முஸ்லிம்களும் கூடி நடத்துவதாயின் 1917 ஆம் ஆண்டுச் சட்டமே பொருத்தமுடைத்து. எவ்வழியாயினும் கணக்கு ஆண்டுதோறும் ஊரார் காண வெளிப்படல் வேண்டும். காப்பகம் பின்னொரு காலத்து மூடப்படின் உடைமை எந்நிறுவனத்தைச் சேரும் என்பதையும் முன்னரே எழுதிவைத்தல் நலம்.

இவை கைகூடுமோ என ஐயுறுவார்க்கு எடுத்துக்காட்டுகள் உள. 1832 இல் பம்பாயில் அரசினர் தெருநாய்களைக் கொல்லப் புகுந்தபோது பார்சியர் வெகுண்டெழுந்தனர்; அவ்வெழுச்சி அவ்வளவில் அடங்கியொழியவில்லை. 1834 இல் வணிகப் பெருமக்கள் ஆங்கே பிஞ்சராப்போல் என்னும் விலங்கு விடுதியை நிறுவினர். சென்னையிலும் 1906 இல் பிஞ்சராப்போல் எழுந்தது. 1959 இல் கப்டன் சுந்தரம் புளூ குறொஸ் சங்கத்தைத் தொடக்கினார். இலங்கையின் வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்துள்ளது. வெகுளியும் இரக்கமும் கணத்திற் றோன்றி மறைவன. அவற்றை நிலமாகவும் நிதியாகவும் ஆவணமாகவும் மாற்றியோரே அறத்தை நிலைநிறுத்தினர்.

இடையன் மாண்டான், ஆடுகளும் மாண்டன, அளந்த நெய் மாத்திரம் தலைமுறை பலவற்றுக்கு விளக்கெரித்தது. கல்முனைக் கரையில் ஒரு போடியார் தம் வயலின் ஒரு துண்டை வாயில்லா உயிர்களின் பொருட்டு எழுதிவைப்பாராயின், அவர் பெயர் மறைந்த பின்னும் ஆண்டுதோறும் அறுவடை வரும். நொண்டி நாய் ஒன்று பசியாறும். சாவா மூவா அறம் என்பது இதுவே.