திட்டிக்கிட்டே பார்த்தாலும் டிஆர்பி ஏறும்! சீரியல் பற்றி நீங்க சொல்ற கருத்து எங்கே போகுது?

காலை எட்டரை மணி. விழுப்புரத்தில் இருந்து திண்டிவனம் போகும் பஸ். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பின் சீட்டில் பேச்சு தொடங்கிவிடும். “நேத்து பாத்தியாக்கா? அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது” என்று ஒரு குரல். “அவன விடுடி, அவ ஏன் வாய மூடிக்கிட்டு நிக்கிறா? நானா இருந்தா நடக்கிறதே வேற” என்று இன்னொரு குரல். புதிதாக ஏறியவர், யாரோ சொந்தக்காரர் வீட்டுச் சண்டை போல என்று நினைத்துக்கொள்வார். கூட்டேரிப்பட்டு வரும்போதுதான் அவருக்குப் புரியும், பேசியது முழுக்க ராத்திரி பார்த்த சீரியல் பற்றி.

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குள் ஒரு எபிசோடை வரிக்கு வரி பிரித்து, தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவார்கள். ‘இனிமே அந்தக் கருமத்தப் பாக்கவே மாட்டேன்’ என்ற சபதமும் உண்டு. அன்று ராத்திரி அதே சேனல், அதே சீரியல்.

இவ்வளவு கருத்து சொல்கிறோமே, இதில் ஒரு சொல்லாவது சீரியல் எடுப்பவர் காதுக்குப் போகிறதா?

மீட்டருக்குக் காது உண்டு, ஆனால்...

சீரியல் ஓடுமா நிற்குமா என்பதை முடிவு செய்வதில் பெரிய பங்கு டிஆர்பிக்குத்தான். அதைக் கணக்கெடுப்பது ‘பார்க்’ என்ற அமைப்பு. 2015-ல் இருந்து இந்தியாவில் டிவி ரேட்டிங் வெளியிடுவது இவர்கள்தான். நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவி பக்கத்தில் ஒரு சின்ன மீட்டரை வைத்திருக்கிறார்கள். எந்த வீடு என்பது ரகசியம்.

சேனல்கள் தங்கள் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்புகின்றன. மீட்டர் அந்தக் குறியைப் பிடித்து, இந்த நிமிடம் இந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்துகொள்ளும். வீட்டில் யார் யார் டிவி முன்னால் இருக்கிறார்களோ, அவரவர் தனக்கான பட்டனை அழுத்த வேண்டும். பாட்டிக்கு ஒரு பட்டன், மருமகளுக்கு ஒரு பட்டன்.

அதாவது மீட்டர் கேட்பது டிவியின் குரலை மட்டும். டிவி முன்னால் உட்கார்ந்து நீங்க கத்துவது அதற்குக் கேட்காது. கண்ணீர் விட்டுப் பார்த்தாலும், “இவனெல்லாம் நல்லா இருப்பானா” என்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே பார்த்தாலும் பதிவாவது ஒன்றுதான்: பார்த்தார். வியாழக்கிழமை தோறும் வரும் ரேட்டிங்கில் உங்கள் கோபமும் கைதட்டலாகவே எண்ணப்படுகிறது. விளம்பர விலை அதை வைத்துத்தான். பாவப்பட்ட மருமகள் ஏன் மாதக்கணக்கில் அழுதுகொண்டே இருக்கிறாள், வில்லி ஏன் மாட்டிக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள் என்பதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மாட்டிக்கொண்டால் கதை முடிந்துபோகும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ‘பார்க்’ 2020-ல் மதிப்பிட்டபடி இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. மீட்டர் வீடுகளால் வகுத்தால், ஒரு வீடு கிட்டத்தட்ட 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. 2011 கணக்கெடுப்புப்படி திண்டிவனத்தின் மக்கள்தொகை சுமார் 73 ஆயிரம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 18 ஆயிரம் வீடு. சராசரிக் கணக்கில் ஊருக்கே நான்கைந்து மீட்டர். வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை இப்படி ஊர் ஊராகப் பங்கு போடுவது இல்லை; ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். பஸ்ஸில் சத்தமாகப் பேசிய இரண்டு பேர் வீட்டிலும் மீட்டர் இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வெளியூர் அக்காவுக்கு போன் போட்டு, “வீடு முழுக்கத் தண்ணி, அது கெடக்கட்டும், நேத்து என்னாச்சு கதையில” என்று கேட்பவரும் ரசிகர்தான். ஆனால் எந்த மீட்டரும் அவரைப் பார்வையாளர் என்று சொல்லாது.

திட்டித் திட்டியே உச்சத்துக்குப் போன ஆள்

சமீபத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய சீரியல். அண்ணன் தம்பி நான்கு பேர், அவர்களைக் கட்டிக்கொண்ட ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என நான்கு பெண்கள். படித்த பெண்களைக் கல்யாணம் செய்து கொண்டு வந்து அடுப்படியில் பூட்டி வைக்கும் வீடு. அதன் தலைவர் ஆதி குணசேகரனாக நடித்தவர் மாரிமுத்து.

அந்தக் குணசேகரனைத் திட்டாத வீடு கிடையாது. ஆனால் ‘இந்தாம்மா... ஏய்’ என்று அவர் சொல்வதை மிமிக்ரி செய்யாத வீடும் கிடையாது. சீரியலே பார்க்க மாட்டேன் என்று சொல்லும் ஆண்களையும் டிவி முன்னால் உட்கார வைத்தவர் அவர்தான். (நியூஸ் பார்க்க வந்தேன், இவ மாத்த விடல என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம்.) 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி மாரிமுத்து இறந்துபோனார். முந்தின நாள் வரை அவரைச் சபித்தவர்கள் அன்று அழுதார்கள். பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். அவர் நடிப்பில் குறை இல்லை. ஆனால் ‘பழைய ஆள் போல இல்லையே’ என்ற பேச்சு நிற்கவே இல்லை. 2024 ஜூனில் சீரியல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி தொடங்கியது.

வெறுப்பும் ஒட்டுதலும் எதிரெதிர் என்று நாம் நினைக்கிறோம். டிவி முன்னால் அப்படி இல்லை என்பதை குணசேகரன் காட்டிவிட்டார்.

யூடியூபில் புரோமோவுக்குக் கீழே கமென்ட் போட்டால்? திட்டியோ பாராட்டியோ நீங்க எழுதும் ஒவ்வொரு வரியும், இந்த வீடியோ பேசப்படுகிறது என்பதற்கு ஒரு சாட்சி. கதைக் குழுவில் யாராவது படிக்கலாம், படிக்காமலும் போகலாம். மொபைல் ஆப்பில் பார்ப்பவர்களின் கதை வேறு. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்தக் காட்சியைத் தள்ளிவிட்டுப் போனீர்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். கோபத்தைச் சேனலுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றால் இருக்கும் வழி ஒன்றுதான், பார்க்காமல் விடுவது. அது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கடிதம் போட்ட காலம்

ரேட்டிங் மீட்டர் இல்லாத காலத்தில் கருத்து வேறு வழியில் போனது. 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தான் இந்தியாவின் முதல் நெடுந்தொடர். ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் வந்து அன்றைய கதையைப் பற்றிப் பார்ப்பவர்களிடம் பேசுவார். லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. அதில் பகவந்தி என்று ஒரு அம்மா. எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் பெண். இப்படி இருக்காதீங்க என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட பாத்திரம். ஆனால் ஆய்வு செய்தபோது, பார்த்தவர்களில் பலர் அவரையே நல்ல மனைவி, நல்ல தாய் என்று கொண்டாடியிருந்தார்கள்!

அந்தக் கருத்தும் மாறும். 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்றுபோய்ப் புது எபிசோடு இல்லாமல், திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பினார்கள். 2002-ல் அம்மாக்கள் சரோஜாவுக்காக அழுதார்கள். 2020-ல் அவர்களுடைய பெண்கள், இந்த மாணிக்கத்தை விட்டுட்டு ஏன் கிளம்பல என்று கேட்டார்கள். அதே கதைதான். மாறியது சோபாவில் உட்கார்ந்திருந்த ஆள்.

வீட்டுக்குள் நடக்கும் மாற்றம்

2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட டிவிகள் கொடுக்கப்பட்டன. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதற்கெல்லாம் முன்பே, கேபிள் கிராமத்துக்குள் நுழைந்த 2001-2003 ஆண்டுகளில், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் தகவலை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். இங்கே ‘சித்தி’ முடிந்து ‘மெட்டி ஒலி’ ஓடிய காலம் அது. கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது என்பது 2009-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு. அந்தக் கணக்கைப் பிறகு கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே சீரியல் பேசும் பெண்களைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. “என் மாமியார் இப்படிச் செய்றாங்க” என்று தெருவில் சொல்ல முடியாது. “அந்த மாமியார் செய்றது நியாயமாக்கா?” என்று கேட்க முடியும். கேட்கும் அக்காவுக்கும் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும்.

உண்மையாகவே புகார் செய்ய வேண்டும் என்றால்

கதை போரடிக்கிறது, இழுக்கிறார்கள் என்பதெல்லாம் புகார் ஆகாது. ஆபாசம், பெண்களை இழிவுபடுத்துவது, மூடநம்பிக்கையைத் தூண்டுவது போன்றவை கேபிள் டிவி விதிகளில் தடை செய்யப்பட்டவை. 2021-ல் வந்த திருத்த விதிகளின்படி முதலில் சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புகை, 15 நாளில் பதில். பதில் திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். சேனல், சீரியல் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சி என்று தெளிவாக எழுதுங்க. ‘ரொம்ப மோசம்’ என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது.

சீரியல் பேச்சு கிளப்பும் இரண்டு கேள்விகள்

குணசேகரன் குடும்பத்துச் சண்டை சுற்றிச் சுற்றி நின்ற இடம் சொத்து. அந்தப் பேச்சு நம் வீட்டுக்கு வரும்போது முதலில் எழும் கேள்வி, பெண்ணுக்குப் பங்கு உண்டா என்பது. உண்டு. இந்து கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் இது தொடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு.

இரண்டாவது, சீரியலுக்கு சீரியல் வரும் அந்த வசனம்: “இது என் வீடு, வெளிய போடி.” கணவன் உயிரோடு இருக்கும்போது மாமனார் சொத்தில் மருமகளுக்கு நேரடியாகப் பங்கு கிடையாது. ஆனால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை இருக்கிறது. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020 அக்டோபர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்யும். ஆனால் ஒரே வசனத்தில், ஒரே ராத்திரியில், சட்டத்தின் வழி இல்லாமல் யாரையும் வாசலுக்கு வெளியே தள்ள முடியாது. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.