பாடும் நாடா

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கைப்பணம் கொடுத்து வாங்குகிற மாட்டை? அவசியம் பார்த்தே ஆக வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் செய்த ஒலிநாடா யந்திரத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பதை, சமீபத்தில் ஒரு நண்பருடன் கடைக்குப் போனபோது நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

நண்பருக்கு ஓர் அத்தை. வயது எண்பத்து நான்கு. கச்சேரி மேடை ஏறியவர் அல்ல. ஆயினும் தாயாரிடமிருந்து கேட்டுப் பாடமான நலங்கு, ஊஞ்சல், லாலிப் பாட்டுக்கள் பல அவர் நெஞ்சில் இருக்கின்றன. அவற்றை முழுதும் அறிந்தவர் அந்தக் குடும்பத்தில் வேறொருவரும் இல்லை. 1966-ஆம் வருஷத்தில் அத்தையின் கணவர் யாரிடமோ ஒரு ஸ்பூல் யந்திரத்தை இரவல் வாங்கி, மனைவியின் பாட்டை இரண்டு நாடாக்களில் பதிவு செய்தார். யந்திரம் உரியவரிடம் திரும்பிப் போயிற்று. நாடாக்கள் டிரங்குப் பெட்டிக்குள் போயின.

"பழைய யந்திரம் ஒன்று வாங்கி அந்த நாடாவைக் கேட்க வேண்டும், அத்தையை மறுபடி பாடச் சொல்லிப் புதிதாகப் பதிவும் செய்ய வேண்டும்" என்றார் நண்பர்.

"சட்டைப் பையில் கைபேசி இருக்கும்போது இந்தச் சுமை எதற்கு?" என்று கேட்டேன்.

"கைபேசி 1966-ஐப் பாடிக் காட்டுமா?" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஒலியைக் காந்தமாக மாற்றி எஃகுக் கம்பியில் பதிக்கலாம் என்று 1898-இல் செய்து காட்டியவர் டென்மார்க் தேசத்து வால்டெமார் போல்சன். கம்பிக்குப் பதிலாகக் காகித நாடாவில் இரும்புப் பொடியைப் பூசியவர் ஜெர்மனியில் வாழ்ந்த பிரிட்ஸ் புளூமர், அது 1928-இல். 1935-இல் 'மாக்னெட்டோபோன்' என்னும் யந்திரம் பெர்லின் வானொலிப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டாவது மகா யுத்தத்துக்குப் பிறகு அது அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

நமது சங்கீதத்துக்கு இதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம்போல்தான் பாட முடியும். ராக ஆலாபனை மூச்சு விடுவதற்குள் தட்டு முடிந்து போகும். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடாவைச் சுற்றி, விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் 32 நிமிஷம் இடைவிடாமல் பதியலாம். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிஷம். 1965-இல் மறைந்த ஜி. என். பாலசுப்பிரமணியம், 1967-இல் மறைந்த அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார், 1968-இல் மறைந்த மதுரை மணி ஐயர் முதலிய வித்வான்களின் முழுக் கச்சேரிகளை இன்று நாம் கேட்க முடிகிறதென்றால், ரசிகர்கள் பலர் இப்படிச் சொந்தத்தில் பதிவு செய்து காத்து வைத்ததும் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

நிற்க. கடைக்குப் போவோம்.

பழம்பொருள் கடைக்காரர் இரண்டு யந்திரங்களை எடுத்து வைத்தார். ஒன்று புதுமணப்பெண்போல் பளபளத்தது. மற்றொன்றின் மூடி கீறியிருந்தது. நண்பரின் கண் பளபளப்பின் மேல் விழுந்தது. அதுமட்டுமல்ல; அத்தையின் நாடாவைப் பையிலிருந்து எடுத்து, "இதைப் போட்டுப் பார்க்கலாமே!" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உலகில் ஒரே பிரதியாக உள்ளதைப் பரீட்சைக்கு வைப்பதா? கடைக்காரர் உதவாத பழைய நாடா ஒன்றைக் கொடுத்தார். பளபளத்த யந்திரம் அதை இரண்டு நிமிஷம் இழுத்தது. பிறகு ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு அப்பளம்போல் நொறுக்கிவிட்டது. நண்பரின் முகம் வெளுத்தது.

பிறகு கீறல் விழுந்த யந்திரத்தை நிதானமாகச் சோதித்தோம். வாங்க எண்ணும் நேயர்களுக்காக அந்தச் சோதனைகளை இங்கே சொல்கிறேன்.

முதலாவது, நாடா உரசிச் செல்லும் காந்த ஹெட். நாடாவின் விளிம்பு படும் இடத்தில் நகத்தால் மெல்லத் தடவ வேண்டும். பள்ளத்தில் நகம் தடுக்கினால் ஹெட் மிகவும் தேய்ந்திருக்கிறது. நுட்பமான ஒலிகள் அதில் எடுபடமாட்டா.

இரண்டாவது, ரப்பர் உருளை. அது கெட்டித்துக் கண்ணாடிபோல் மின்னினாலும் குற்றம். பிசினாக இளகியிருந்தாலும் குற்றம்.

மூன்றாவது, வேகம். நாடாவில் முப்பத்தேழரை அடி இடைவெளியில் இரண்டு அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். ஏழரை அங்குல வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்று வருவதற்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும். பிறகு சுருதிப் பெட்டியின் நாதத்தை ஒரு நிமிஷம் பதிந்து கேளுங்கள். நாதம் அசையாமல் நின்றால் சரி. ஊஞ்சல்போல் ஆடினால் மோட்டாரிலோ பெல்ட்டிலோ உருளையிலோ கோளாறு.

நான்காவது, மின்சாரம். அமெரிக்காவுக்காகச் செய்த யந்திரங்கள் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்பட்டவை. வோல்ட்டை ஒரு டிரான்ஸ்பார்மர் சரிப்படுத்தும். ஹெர்ட்ஸை அது மாற்றாது. நமது மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். மின்சார அலையைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராக இருந்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய அத்தை, மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிப் பாடுவார்!

ஐந்தாவது, தடங்கள். அக்காலத்து வீட்டு யந்திரங்கள் பல, நாடாவின் அகலத்தில் ஒரு பாதியில் பதிந்து, ஸ்பூலைத் திருப்பிப் போட்டதும் மறு பாதியில் பதிந்தன. அந்த நாடாவை நான்கு தட ஸ்டீரியோ யந்திரத்தில் போட்டால், ஒரு காதில் பாட்டும், மற்றொரு காதில் மறுபக்கத்துப் பாட்டு தலைகீழாகவும் கேட்கும். நாடா கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அந்த ஒரு பக்கத்து ஒலியை அடைத்துவிட்டால் போதும்.

கடைசியாக நாடாவையும் கவனிக்க வேண்டும். காடி நாற்றம் அடித்தால் அது அசிட்டேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. ஓடும்போது கிறீச்சிட்டு ஹெட்டில் பிசின் ஒட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இவ்விரண்டுக்கும் கைதேர்ந்தவரிடம் போவதே உசிதம்.

கீறல் மூடி யந்திரம் இந்தப் பரீட்சைகளில் எல்லாம் தேறியது. பழுது பார்ப்பவரைக் கொண்டு பெல்ட்டை மாற்றி, ஹெட்டைச் சுத்தம் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். அத்தையின் நாடாக்களில் நாற்றம் இல்லை, பிசுக்கும் இல்லை. முதல் ஓட்டத்திலேயே கணினியில் படியெடுக்க ஏற்பாடு செய்துகொண்டு நாடாவைச் சுழல விட்டோம்.

இருபத்தைந்து வயதுக் குரல் ஊஞ்சல் பாட்டை எடுத்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சரணம் வந்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அடே அப்பா! இந்த அடி எனக்கு மறந்து எத்தனை வருஷமாயிற்று! உன் அத்திம்பேர் போன பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், வரவே இல்லை. மறுபடி போடடா" என்றார்.

மூன்று தடவை கேட்டார். பிறகு மைக்கை அருகில் இழுத்துக்கொண்டு தாமே பாடினார். குரல் நடுங்கியது, மூச்சு வாங்கியது, சரணம் மட்டும் குறையின்றி வந்தது. அதை நாடாவிலும் பதிந்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று கைபேசியிலும் பதிந்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஸ்பூல் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதை எழுப்ப யந்திரம் தேடினால் அவசரப்படாதீர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். ஆனால் பாடுகிறவர் வீட்டில் இருந்தால், யந்திரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கையில் இருப்பது எதுவானாலும் அதில் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.