திண்ணையிலிருந்து ஒலிம்பியாடுக்கு

கீரனூர்த் திண்ணையில் ஆடு புலி ஆட்டம் நடந்தால், ஆடுகிறவர்கள் இரண்டு பேர். யோசனை சொல்லுகிறவர்கள் இருபது பேர். இந்தச் சம்பிரதாயத்தில் வளர்ந்த நாமும் நண்பர்கள் மூவரும், 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாடு மண்டபத்தில் நுழைந்ததும் வாயடைத்துப் போனோம். தும்முவதற்கும் அஞ்சும்படியான நிசப்தம்!

ருஷ்யாவில் நடக்கவேண்டிய போட்டி அது. உக்ரேன் யுத்தத்தினால் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. 180-க்கு மேற்பட்ட தேசத்தார் குழுமியிருந்தனர்.

அன்று பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. சென்னைச் சிறுவர் குகேஷுக்கு வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றிருந்தவர். எதிரே அமர்ந்த அப்துசத்தோரோவுக்கு வயது 17.

நாம் வெளியே வந்து கைப்பேசித் திரையைச் சுற்றி நின்றோம். பிரக்ஞானந்தா வென்றுவிட்டார். குகேஷின் கையும் ஓங்கியிருந்தது. நண்பர் ஒருவர் பலகாரம் வாங்கவே போய்விட்டார்! அவர் திரும்புவதற்குள் ஒரே ஒரு பிசகான நகர்த்தலில் எல்லாம் தலைகீழாயிற்று. குகேஷ் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டி 2-2 என்று சமன். முடிவில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். நம் பிள்ளைகளுக்கு வெண்கலம். நம் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றது. ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் பெற்ற முதற் பதக்கம் அதுவே. பொட்டலத்தை ஊர் வந்துதான் பிரித்தோம்.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் அதே குகேஷ் உலக சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தை ஆடினார். நண்பர் மறுபடியும் பலகாரக் கடைக்கு எழுந்தார். டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரையில் அவரைத் திண்ணையிலேயே பிடித்து உட்காரவைத்தோம்.