கொத்தனாரோடு உட்கார்ந்து போடும் திட்டம்

ராயவரம், அரிமளம், கடியாபட்டி. புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்த மூன்று ஊர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லிருந்து இருக்கின்றன. செட்டிநாட்டுக் கிராமத் தொகுப்புகள் என்ற பெயரில், சிவகங்கை மாவட்டத்து ஊர்களோடு சேர்த்து இவையும் இடம்பெற்றன. அதற்கு அடித்தளம் போட்ட வேலையில் பெரும்பங்கு ஒரு சிறிய அமைப்புடையது. மிஷேல் அட்மோன், பெர்னார் திராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களின் ‘ஆர்க்கே-எஸ்’ அது. வீடுகளையும் தெருக்களையும் ஊரணிகளையும் அளந்து, வரைந்து, ஆவணமாக்கினார்கள்.

அதோடு நிற்காமல் கொத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டையே எடுத்துப் புதுப்பித்தார்கள். (ஆலங்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலம் அல்ல, கானாடுகாத்தானுக்கு அருகில் இருப்பது.) சாரதா விலாஸ் என்ற அந்த வீடு இன்று விருந்தினர் தங்கும் இல்லம். வேலை செய்தவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பழைய வீட்டைப் பொறுத்தவரை கட்டடக் கலைஞருக்குத் தெரியாத பாதி கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரியும். அவர்களைக் கூலிக்கு வந்தவர்களாக மட்டும் பார்க்கிற அலுவலகம் அந்தப் பாதியை இழந்துவிடுகிறது.

சுவர்ப் பூச்சையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து, மேலே மேலே பல பூச்சுகள் பூசுவார்கள். கடைசிப் பூச்சு மிக மெல்லியது. முட்டை வெள்ளைக் கரு சேர்ந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றினால் சுவர் சலவைக்கல் போல வழவழக்கும். ஒவ்வொரு பூச்சும் எப்போது காய்ந்தது, அடுத்ததை எப்போது ஏற்றலாம் என்பதைக் கைவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவசரப்படுத்தினால் வெடிப்பு விடும். அதனால் வேலையின் கால அட்டவணையே கொத்தனாரைக் கேட்டுத்தான் போடப்பட வேண்டும். கூட்டாக வடிவமைப்பது என்பது இந்த ஊர்களில் இப்படித்தான் நடக்கும்.

சூழலுக்கும் சுண்ணாம்புப் பூச்சு நல்லது. சிமென்ட் செய்யச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும். சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புச் சுவர் இறுகும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் சிமென்ட் உண்டு. ஆனால் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்தே உறுதியாக்குவதால் அதற்குச் சூளை வேண்டாம். முற்றத்தைச் சுற்றிய பகுதியான வளவின் நான்கு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, வெளிச்சத்தையும் காற்றையும் மழைநீரையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இவ்வளவையும் ஒரே வீட்டில் சேர்த்துக் கட்டியவர்களை நினைத்தால் பெருமிதமாக இருக்கிறது.

ஆனால் வீடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பழுதுபார்க்க எல்லோரும் பணம் போட வேண்டும். விற்றாலோ எல்லோருக்கும் பணம் வரும். அப்படிப் போன வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கலாம். எனவே இங்கே வேலைக்கு வரும் கட்டடக் கலைஞர் கொத்தனாரோடு மட்டுமல்ல, பங்காளிகளோடும் உட்கார வேண்டும். திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் அவர்கள் ஊரில் கூடுகிற நாள்தான் அதற்கு ஏற்றது. பல வேலைகளை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் பெரிய நிறுவனத்தால் அந்த நாளுக்காகக் காத்திருப்பது கடினம். சிறிய அலுவலகத்தால் முடியும்.

முழு வீட்டையும் சீர்செய்யக் கையில் பணம் இல்லையென்றால் கூரையிலிருந்து தொடங்கலாம். ஓடு விலகிய இடத்தில் தண்ணீர் இறங்கினால் முதலில் மரச்சட்டங்கள் உளுத்துப்போகும், பிறகு உத்தரம், அதன்பின் சுவரின் சாந்து கரையும். உடைந்த ஓடுகளை மாற்றி, தாழ்வாரத்தின் தண்ணீர்ப் போக்கைச் சுத்தம் செய்வது ஒரு பங்காளி தனியாகவே ஏற்கக்கூடிய செலவு. ஐப்பசி மழைக்கு முன்னால் அதைச் செய்துவிட்டால், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வீடு தாங்கும்.