பிளாட் ஆற்றுக் கொக்குகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாயும் பிளாட் ஆற்றங்கரைக்கு, மார்ச் மாதந்தோறும் நண்பர் குழாங்கள், படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டிகளில் வந்து தங்குகின்றன. நமது சாரசக் கொக்கின் குடும்பத்தைச் சேர்ந்த சாண்டுஹில் கொக்குகளைக் காண்பதே நோக்கம்.

வடக்கே செல்லும் வழியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கொக்குகள் இங்கு இறங்கி, அறுவடை வயல்களில் சிதறிய மக்காச்சோளத்தைத் தின்று, உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடப் பெறுகின்றன. எஞ்சிய பயணத்துக்கும் முட்டையிடுவதற்கும் இக்கொழுப்பே ஆதாரம். மிரண்டெழும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது வீணாகின்றது. நிற்கும் வண்டியை இவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இறங்கி நடக்கும் மனிதனையோ தொலைவிலேயே கண்டு பறந்துவிடுகின்றன. ஆகவே வண்டியின் சன்னலே சிறந்த மறைவிடம்.

அந்தியில் இவை ஆழமற்ற நீரில் நின்று உறங்க வரும். அணைகளும் கால்வாய்களும் நீரைத் திருப்பியமையால் ஆறு குறுகிவிட்டது, மாற்றிடம் அரிது. அவ்வேளையில் வண்டி விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.